20 நிமிட போஸில் கால் குட்டையாகிவிடுகிறது

ஆளை நேரில் பார்த்து வரையத் தொடங்கி 8 மாதம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள், 2 மணி நேரம். 30 நொடி, 2 நிமிட போஸ்கள் ஓரளவு உயிரோடு வருகின்றன. 20 நிமிடம் என்றதும் கதையே மாறிவிடுகிறது. தலையும் தோளும் பெரிசாகி, முழங்காலுக்குக் கீழே சுருங்கி, பாதம் வைக்கத் தாளில் இடமே இருக்காது. நேற்றுகூட கணுக்காலோடு தாள் முடிந்துவிட்டது.

ஏ3 தாள், 2பி பென்சில், சில நாள் சார்கோல் (கரிக்குச்சி). ஆளிடமிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி உட்காருகிறேன்.

முதலில் பலகையை மடியில் படுக்கவைத்து வரைந்தேன். தாளைச் சாய்வாகப் பார்ப்பதால் வரும் கோளாறு என்று நினைத்து ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளந்து 7½ தலைக் கணக்கும் (நிற்கிற ஆளின் உயரம் தலையைப் போல் சுமார் ஏழரை மடங்கு என்பது) போட்டுப் பார்த்தாயிற்று. அளவெல்லாம் சரியாகத்தான் வருகிறது. முகத்தில் இறங்கியதும் அந்தக் கோடுகளை நானே மீறிவிடுகிறேன். (முகத்தை விட்டு நகர மனசே வருவதில்லை.) உச்சி, இடுப்பின் அடி, பாதம் மூன்றையும் முதலிலேயே குறித்தேன். நிற்கிற போஸுக்கு உதவியது, உட்கார்ந்த போஸில் எடுபடவில்லை.

உட்கார்ந்திருப்பவரை 20 நிமிடத்தில் வரையும்போது நீங்கள் எந்த அளவை முதலில் குறித்துக்கொண்டு தொடங்குகிறீர்கள்?