டைப் 1 பையனுக்கு வயிறும் சரியில்லைன்னா இதையும் ஒருக்கா பாருங்க

எங்களுக்கு கோபி பக்கமுங்க, பையனுக்கு டைப் 1 சுகர், இன்சுலின் ஊசி போட்டே ஆகோணும். எல்லாரும் சுகரப் பத்தியே பேசறோம், வயித்தப் பத்தி யாரும் வாயத் தொறக்கறதில்ல, அதனால எழுதறேன், அருவருப்பா இருந்தா பொறுத்துக்கோங்க. அரிசிம்பருப்புல நெய் ஊத்தித் தின்ன அன்னிக்கெல்லாம் வெளிக்கி போனா எண்ணெயாட்டம் மெதக்கும், எத்தன தண்ணி ஊத்துனாலும் போகாது, வாடை வேற கொடலப் பொரட்டும். ஆளு எளச்சுட்டே போனான். சோத்துக்குக் கணக்குப் போட்டு இன்சுலின் குத்துனா கொஞ்ச நேரத்துல கை நடுங்கும், மீட்டர்ல சுகர் 58க்கு எறங்கி நிக்கும். தின்ன சோறெல்லாம் எங்கடா போச்சுன்னு எங்கத்தை கேப்பாங்க, மொளகா சுத்திக்கூடப் போட்டாச்சு. மொதல்ல பாத்த டாக்டரு சுகர் கன்ட்ரோல் இல்ல அதான் எளைக்கறான்னு சொல்லி அனுப்பிட்டாரு.

அப்பறம் கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மா, டைப் 1 பசங்களுக்கு சீலியாக், அதான் கோதுமை ஒத்துக்காத வியாதி, சேந்து வர்றது சகஜம்னு மொதல்ல அதுக்கு ரத்தம் எடுத்தாங்க, அது இல்லைன்னதும் மலத்துல எலாஸ்டேஸ் டெஸ்ட், அது கணையத்துல சொரக்கற ஒரு செரிமான என்சைமாம். 200க்கு மேல இருக்கோணும், 100க்குக் கீழ போனா ரொம்ப மோசமாம், இவனுக்கு அதுக்கும் கீழ, அப்படின்னா கணையம் செரிமானத் தண்ணியவும் சரியாச் சொரக்கலைன்னு அர்த்தம். கணையத்துல இன்சுலின் சொரக்கற எடம் நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான், மிச்சம் பூராவும் செரிமானத் தண்ணி சொரக்கறதுக்குத்தான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. டைப் 1காரங்களுக்கு மொத்தக் கணையமுமே சின்னதாத்தான் இருக்குமாம், சுகர் வர்றதுக்கு முன்னாடியே சுருங்க ஆரம்பிக்கறதும் உண்டாம். கீழ்பவானி வாய்க்கால் கசிவுலதான் பக்கத்துக் கெணறெல்லாம் ஊறுதுன்னு நம்மூர்ல சண்டையே நடக்குதே, அந்த மாதிரி உள்ளயே சொரக்கற இன்சுலின் பக்கத்துல இருக்கற செல்லுகளையும் வளத்துட்டு இருக்குமாம், நாம ஊசில போடறது அந்த அளவுக்கு அங்க போய்ச் சேராது. இது ஒரு காரணம், வேற காரணமும் இருக்குன்னாங்க.

இப்ப மொத வாய் சோத்தோட என்சைம் கேப்சூல், கடிக்காம முழுங்கோணும். ஒண்ணு மட்டும் யாருமே முன்கூட்டி சொல்லலீங்க, சோறு ஒடம்புல ஒட்ட ஆரம்பிச்சதும் சுகர் ஏறுது, இன்சுலினையும் ஏத்த வேண்டியதாப் போச்சு. டி விட்டமினும் கம்மியா இருந்துச்சு, அதுவும் கொழுப்போட சேந்து உள்ள போகோணுமாமா.

- - -

அக்கா, நான் ராசிபுரம். எனக்கும் டைப் 1ன்னு சொல்லித்தான் ஊசி போட்டுட்டு இருந்தாங்க, அப்பப்ப வயித்துவலி முதுகு வரைக்கும் இழுக்கும், ஸ்கேன் எடுத்தா கணையம் பூராக் கல்லு. இது வேற வியாதி, நம்ம பக்கமும் கேரளாலயும்தான் ஜாஸ்தி, இதுல செரிமானப் பக்கம் மொதல்ல கெட்டு அப்பறந்தான் சுகர் வரும். குச்சிக்கெழங்கு தின்னா வரும்னு ஒரு காலத்துல சொன்னாங்க, அது நிரூபணம் ஆகல, அதுல ஜவ்வரிசி பண்ற எங்கூரு சேகோ பேக்டரிகாரங்க பயப்பட வேண்டாம் 😄 உங்க பையனுக்கு ஸ்கேன் எடுத்தாச்சா?

- - -

எடுத்தாச்சு தம்பி, கல்லெல்லாம் இல்ல, சைஸ்தான் சின்னது.

- - -

ஈரோட்ல லேப்ல இருக்கேனுங்க. வயித்தால போறப்ப சாம்பிள் குடுத்தா தண்ணியில கலந்து எலாஸ்டேஸ் கம்மியாக் காட்டும், கட்டியா போற அன்னிக்குக் குடுங்க. டெஸ்டுக்காக கேப்சூல நிறுத்த வேண்டியதில்ல, அது பன்னிக் கணையத்துல எடுக்கறது, டெஸ்ட் மனுச எலாஸ்டேஸை மட்டும் பாக்கற வகையா இருந்தாப் போதும், லேப்ல கேட்டுக்கோங்க. நம்பர் கம்மியா வந்த எல்லாருக்கும் மருந்து வேணும்னும் இல்ல, வயித்துல ஒரு தொந்தரவும் இல்லாம நல்லா இருக்கறவங்களும் இருக்காங்க.

- - -

பன்னியா!! நாங்க சுத்த சைவமுங்க, எங்க மாமனாருக்கு இத எப்பிடிச் சொல்றதுன்னு யாராவது சொல்லுங்க, செடியில இருந்து எடுக்கறது ஏதாச்சும் இருக்கா?

- - -

எங்க வீட்லயும் அதே கததான். டாக்டரம்மா வேற வழி இல்லைன்னுட்டாங்க. எங்கத்தைகிட்ட மாத்திரைன்னு மட்டும் சொல்லிருக்கேன்.