கலைச்சொல் தேவை: கல்லூரிக் கால்பந்தில் ‘கேரன்டி கேம்’

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (பந்தைக் கையில் ஏந்தியும் ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்) எஃப்.சி.எஸ். எனும் கீழடுக்கு, 2024 பருவம் பற்றிய கட்டுரைகளைச் செப்பனிடும் வேலை நடக்கிறது. ஒரு சொல் தொடர்ந்து இடறுகிறது. பருவத் தொடக்கத்தில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று, சிறிய பல்கலைக்கழக அணிக்குப் பணம் கொடுத்துத் தன் மைதானத்துக்கு வரவழைத்து ஆடுகிறது. பதிலுக்கு அந்த ஊருக்குப் போய் ஆடும் கடமை அதற்கு இல்லை. இதுதான் ‘கேரன்டி கேம்’.

வரைவில் ‘உத்தரவாத ஆட்டம்’ என்று இருக்கிறது. படிப்பவர் வெற்றிக்குத்தான் உத்தரவாதம் என்று எடுத்துக்கொள்வார். உறுதி செய்யப்படுவது தொகை மட்டுமே. 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில், நாட்டின் தரவரிசையில் 5ஆம் இடத்தில் இருந்த மிச்சிகனை, பணம் வாங்கிப் போன சிறிய அணியான அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று வென்றது. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோலை (கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி எடுக்கும் முயற்சி) தடுத்துவிட்டார்கள். அந்த ஆட்டத்துக்கு மிச்சிகன் கொடுத்தது 4 லட்சம் டாலர்.

இன்னொன்று: வரைவில் எஃப்.சி.எஸ்.ஸை ‘இரண்டாம் பிரிவு’ என்று எழுதியிருப்பதை உடனே மாற்ற வேண்டும். அதற்கும் கீழே உள்ள டிவிஷன் டூ தனி. 1978இல் முதற்பிரிவே கால்பந்துக்காக இரண்டாகப் பிரிந்தது. 2006இல் மேலடுக்குக்கு எஃப்.பி.எஸ்., கீழடுக்குக்கு எஃப்.சி.எஸ். என்று பெயர் மாறியது. ‘முதற்பிரிவின் கீழடுக்கு’ என்றால் குழப்பம் வராது.

அன்புடன்,
செ.

*

வணக்கம் செ. ஐயா,

> உறுதி செய்யப்படுவது தொகை மட்டுமே.

அப்படியானால் ‘கூலி ஆட்டம்’ என்றே வைக்கலாமே? பணத்துக்காகப் போய் அடிவாங்கி வருவது என்று அமெரிக்க ரசிகர்களே பேசிக்கொள்வதுண்டு. சுருக்கமாகவும் இருக்கிறது.

ந.

*

ந. அவர்களுக்கு,

‘கூலி’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2024 பருவத்தையே பாருங்கள். கீழடுக்கின் மொன்டானா ஸ்டேட், மேலடுக்கின் நியூ மெக்சிகோவுக்குப் போய் நான்காம் கால்பகுதியில் 17 புள்ளி பின்தங்கியிருந்து 35-31 என்று வென்றது. கீழடுக்கின் நார்த் டகோட்டா ஸ்டேட், மேலடுக்கின் கொலராடோவிடம் 31-26 என்றுதான் தோற்றது. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை அந்த ஆண்டு வென்ற கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) போட வேண்டியிருந்தது. பிறகு ஜனவரி 2025இல் ஃப்ரிஸ்கோவில் நடந்த கீழடுக்கு இறுதியாட்டத்தில் மோதியவை இதே இரண்டு அணிகள்தான். நார்த் டகோட்டா ஸ்டேட் 35-32 என்று தன் பத்தாவது பட்டத்தை எடுத்தது. இவர்கள் ஆடியதைக் கூலி என்று எழுதக் கை வராது.

ஐடஹோ அந்தப் பருவத்தில் இரண்டு மேலடுக்கு அணிகளின் ஊருக்குப் போனது. ஓரிகனிடம் 24-14 தோல்வி. அடுத்த வாரமே வயோமிங்கை 17-13 என்று வென்றது. பருவ முடிவில் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுகளுக்குக் கீழடுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு, மேலடுக்கு அணியிடம் தோற்பதைப் பெரிய குறையாகப் பார்ப்பதில்லை, வென்றால் நல்ல எடை உண்டு. டிவிஷன் டூ அணியை வென்றால் அந்த எடை கிடையாது. 24 அணிகள் கொண்ட பிளே-ஆஃபில் ஐடஹோவுக்கு 8ஆம் தரவிடம் கிடைத்தது. முதல் எட்டு இடத்துக்கு முதல் சுற்று ஓய்வு. 9 முதல் கீழே உள்ளவர்கள் ஒரு வாரம் கூடுதலாக ஆடியாக வேண்டும்.

பெரிய அணிக்கும் கணக்கு இருக்கிறது. பருவ முடிவில் நடக்கும் கிண்ண (பவுல்) ஆட்டத் தகுதிக்கு 6 வெற்றி வேண்டும். அதில் கீழடுக்கு அணிக்கு எதிரான வெற்றி ஒன்றை மட்டும் சேர்க்கலாம். அதனால்தான் பெரும்பாலான அணிகள் ஆண்டுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கின்றன.

சிறிய அணிக்கு உண்மையான ஆபத்து காயம். 2024 வரை மேலடுக்கில் 85 பேருக்கு முழு உதவித்தொகை. கீழடுக்கில் 63 உதவித்தொகைக்குச் சமமான தொகையை 85 பேர் வரை பங்கிட்டுக் கொடுக்க முடிந்தது. இரு அடுக்குகளின் முதல் வரிசை ஆட்டக்காரர்களிடையே அதிக இடைவெளி இல்லை. அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களில்தான் வேறுபாடு தெரியும். மூன்றாம் கால்பகுதிக்குப் பிறகு சிறிய அணியின் முட்டித் தள்ளும் முன்வரிசை தளர்ந்துவிடும். தோல்வி உறுதியானதும் பயிற்சியாளர்கள் புதுமுகங்களை இறக்குவார்கள். 2024இல் நடப்பில் இருந்த 2018 விதிப்படி, நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அவர்களுடைய ‘ரெட்ஷர்ட்’ (கல்லூரிக்காக ஆடத் தகுதியுள்ள ஆண்டுகளில் ஒன்று கழியாமல் அணியில் இருப்பது) போய்விடாது.

என் முன்மொழிவு: வருகைத்தொகை ஆட்டம்.

மு.

*

மு. அவர்களே,

விளக்கம் அருமை. ஆனால் ‘வருகைத்தொகை’ ஆட்டச் செய்தியில் மாட்டிக்கொள்ளும். “வருகைத்தொகை 4 லட்சம்” என்று தலைப்பிட்டால் மைதானத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை என்றே யாரும் படிப்பார்கள். ‘கட்டண ஆட்டம்’ என்றாலோ நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் ஆட்டம்.

அழைப்பவர் யார், எதற்குத் தொகை என்ற இரண்டும் தெரிய வேண்டும். அழைப்புத்தொகை ஆட்டம் என்று வைத்துப் பாருங்கள். கிளைச்சொற்களும் இயல்பாகப் பிறக்கின்றன: அழைப்புத்தொகை ஒப்பந்தம், அழைத்த அணி, அழைக்கப்பட்ட அணி. ஒப்பந்தத்தில் ரத்து இழப்பீடு என்று ஒரு பிரிவு இருக்கும். அதற்குத் தனிச்சொல் தேவையில்லை. 2020 ஜூலையில் மேலடுக்கு அணிகளின் பிக் டென் கூட்டமைப்பு தனக்குள் மட்டுமே ஆடுவதென்று அறிவித்தபோது கீழடுக்குக் கல்லூரிகளின் வரவுசெலவில் விழுந்த பள்ளத்தை “அழைப்புத்தொகை இழப்பு” என்று இரண்டே சொல்லில் எழுதிவிடலாம்.

இ.

*

அனைவருக்கும்,

‘அழைப்புத்தொகை ஆட்டம்’ எனக்கு முழுச் சம்மதம். என் முன்மொழிவை விலக்கிக்கொள்கிறேன். ஓர் ஆண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே என்று ஆடும் ‘ஹோம் அண்ட் ஹோம்’ முறைக்கு ‘எதிர்வருகை ஒப்பந்தம்’ என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும்.

மு.

*

நண்பர்களே, பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

அழைப்புத்தொகை ஆட்டம் (பெ.) – எதிர்வருகைக் கடமையின்றி, முன்பே ஒப்புக்கொண்ட தொகையைக் கொடுத்து, வேறோர் அணியைத் தன் மைதானத்துக்கு வரவழைத்து ஆடும் ஆட்டம். முடிவு எதுவானாலும் தொகை மாறாது. எ-கா: வயோமிங்கில் ஆடிய அழைப்புத்தொகை ஆட்டத்தை ஐடஹோ 17-13 என்று வென்றது.

‘ரெட்ஷர்ட்’டுக்குத் தனி இழை தொடங்குகிறேன். ‘ஓய்வாண்டு’ பொருந்தாது; அந்த ஆண்டு முழுக்க அவர்கள் பயிற்சியில்தான் இருப்பார்கள்.

செ.