இரண்டாவது போல்ட் எட்டவில்லை, விழுந்தால் தப்பு யாருடையது?

சுண்ணாம்புவிரல்:
போன வாரம் பாறையேறப் போனபோது, வேறொருவர் புதிதாக போல்ட் (கயிறு மாட்டப் பாறையில் துளைபோட்டு இறுக்கும் ஆணி) அடித்த ஒரு ரூட்டில் என் கூட்டாளி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டான். முதல் போல்ட் 3 மீட்டரில், இரண்டாவது 6.5 மீட்டரில். அதில் கயிற்றை மாட்டப் போகும்போது கயிறு கட்டிய இடுப்பு 5.5 மீட்டரில் இருக்கிறது, அதாவது முதல் போல்ட்டுக்கு 2.5 மீட்டர் மேலே. விழுந்தால் அதற்குக் கீழேயும் 2.5 மீட்டர் போவோம், கால் அதற்கு முன்பே தரையில். கயிறு நீள்வதையும், மாட்ட இழுத்துக் கையில் வைத்திருந்த கயிற்றையும் நான் சேர்க்கவே இல்லை. அடித்தவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

கயிற்றரவு:
கீழே நின்று பார்த்தாலே தெரிகிற தூரம்தானே? நீளக் கம்பில் கயிற்றைக் கட்டி இரண்டாவது போல்ட்டில் முன்கூட்டியே மாட்டியிருக்கலாம், இல்லை ஏறாமல் விட்டிருக்கலாம். சொந்தக் காசில், விடுமுறை நாளில், தூசி குடித்துக்கொண்டு துளை போடுகிறவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நாளைக்கு யாரும் டிரில்லைத் தொடமாட்டார்கள். மீட்டருக்கு ஒன்று அடித்தால் அது ஏணி. 1970இல் இத்தாலிய மலையேறி மேஸ்த்ரி பெட்ரோல் கம்ப்ரஸரைத் தூக்கிப்போய் தென் அமெரிக்காவின் செர்ரோ டோரே சிகரத்தில் ஏறத்தாழ 400 போல்ட் அடித்தார், 2012இல் இரண்டு இளைஞர்கள் அதில் நூற்றுக்கும் மேற்பட்டதைப் பிடுங்கினார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை.

பாறைப்பல்லி:
அண்ணே, தூரம் கண்ணுக்குத் தெரியும், சரி. துளைக்குள் இருப்பது தெரியுமா? துளைக்குள் பசை வைத்து ஒட்டிய பழைய போல்ட் ஒன்றை மாற்றப் போனேன், சும்மா ஆட்டியதுமே கையோடு வந்துவிட்டது. பசை முழுக்க மாவு தடவிய மாதிரி கல்தூள், பசை பாறையைத் தொடவே இல்லை. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத இரண்டு நிமிடம் ஆகுமா? பாறை போல்ட்டுகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 959படி பக்கவாட்டில் 25 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 2.5 டன் தாங்க வேண்டிய சாமான் அது. கடலோரப் பாறை இன்னும் மோசம், தாய்லாந்தில் பளபளவென்று இருந்த ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளே உள்ளுக்குள் விரிசல் விட்டு உடைந்துதான் டைட்டானியத்துக்கு மாறினார்கள். ஏறுகிறவன் பார்த்து முடிவெடுக்கக்கூடியது அவன் பொறுப்பு, பார்க்கவே முடியாதது அடித்தவர் பொறுப்பு. சுத்தியலால் தட்டி, பொத்தென்று கேட்கிற இடத்தில் அடிக்காமல் இருப்பதும் அதில் சேர்த்தி.

சுண்ணாம்புவிரல்:
அப்படிப் பிரித்தால் எங்கள் கதை அவன் பொறுப்பு என்று ஆகிவிடும். ஆனால் போல்ட் அடித்தவர் மேலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் அடித்தார், கை எட்டிய இடத்தில் போட்டதாக அவரே சொன்னார்.

கயிற்றரவு:
ஓ, தொங்கிக்கொண்டா? அப்படியென்றால் நான் பேசியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கீழிருந்து ஏறி, நின்ற இடத்தில் துளை போட்டவன் அந்தப் பயத்தைத் தானும் அனுபவித்தவன். தொங்குகிறவனுக்கு அந்தச் சாக்கு கிடையாது, மாட்டும் நிலையில் ஒருமுறை நின்று பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் நீங்களே டிரில்லோடு கிளம்பிவிடாதீர்கள், அவரிடம் சொல்லி இரண்டாவது போல்ட்டைக் கீழே தள்ளி அடிக்கச் சொல்லுங்கள், பழைய துளையை எபாக்ஸியும் கல்தூளும் வைத்து அடைக்கச் சொல்லுங்கள்.

பாறைப்பல்லி:
அவன் விழுந்த அடியை முதல் போல்ட் வாங்கியிருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா?

சுண்ணாம்புவிரல்:
ஹேங்கர், அதாவது கயிறு மாட்ட போல்ட்டில் இருக்கும் தகடு, விரலால் தள்ளினாலே சுற்றுகிறது. ஸ்பேனர் இல்லாததால் அப்படியே விட்டு வந்தோம்.

பாறைப்பல்லி:
அடப்பாவி, அதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வருவதற்குள் போய் அதில் ஒரு சிவப்புத் துணியாவது கட்டுங்கள்.