'பர்' என்பதற்குத் தமிழ்: பிசிறா, சுணையா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அன்பர்களே, வணக்கம். வீட்டில் மோட்டார் சாணையில் கத்தி தீட்டுபவர்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மாட்டிக்கொண்டது ஒரே ஆங்கிலச் சொல்லில்: 'பர்' (burr). ஒரு பக்கத்தைத் தீட்டத் தீட்ட, உலோகம் விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மெல்லிய இழையாக மடங்கி நிற்குமே, அது. அது தட்டுப்பட்டால்தான் இந்தப் பக்கம் விளிம்புவரை தீட்டியாயிற்று என்று பொருள். எடுக்காமல் விட்டால் கத்தி கூராக இருப்பதுபோல ஏமாற்றி, நாலு வெட்டில் மழுங்கிவிடும். 17 இடத்தில் வருகிறது. என்ன போடலாம்? வரைவை இணைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரர்:
பிசிறு. பட்டறையில் காலங்காலமாகச் சொல்வது அதுதான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

தமிழாசிரியர்:
இருக்கிறது நண்பரே. பிசிறு துணிக்கு உரியது. நூல் பிரிந்து நிற்பது. பாடுபவர் குரலும் பிசிறு தட்டும். இங்கே எதுவும் பிரியவில்லை, மடங்குகிறது. என் பரிந்துரை 'சுணை'. மூங்கில் இலையிலும் கரும்புத் தோகையிலும் தோலை அறுக்கும் நுண்முள்ளுக்கு அதுதானே பெயர்? கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். சாணையில் பிறந்த சுணை என்று ஓசையும் ஒத்துவருகிறது.

பிழைதிருத்தும் அக்கா:
ஐயா, 'சுணை போகும்வரை தீட்டவும்' என்று ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். சுணைகெட்டவன் என்று யாரைத் திட்டுவோம்? கத்தியையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டுமா?
அப்புறம் தம்பி, சொல் கிடக்கட்டும். வரைவில் 'விரலை விளிம்பு நெடுக ஓட்டிப் பார்க்கவும்' என்று இருக்கிறது. நெடுக ஓட்டினால் விரல் அறுபடும்! கத்தியின் முதுகுப்பக்கமிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே, குறுக்காகத் தடவ வேண்டும். அதுவும் சக்கரம் முழுதாக நின்ற பிறகு.

மொழிபெயர்ப்பாளர்:
நல்லவேளை சொன்னீர்கள் அக்கா. திருத்திவிட்டேன்.

தமிழாசிரியர்:
சரி, சுணையைப் பிறகு பார்ப்போம். 'தீட்டுதல்' என்பதும் எனக்கு நிறைவாக இல்லை. கொல்லன் வேல் வடித்துக் கொடுப்பது புறநானூற்றிலேயே வருகிறது. வடிவேல் என்றால் வடிவான வேல் என்று பலர் நினைக்கிறார்கள். அது வடித்த வேல், கூராக்கிய வேல். ஆகவே மோட்டார் சாணை வேலைக்குப் 'பொறிவடிப்பு' என்று...

பட்டறைக்காரர்:
ஐயா, இந்த வேலையில் பக்கத்திலேயே தண்ணீர் வைத்து நிமிடத்துக்கு நாலு தடவை கத்தியை முக்கி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் போய் 'வடிக்கவும்' என்று எழுதினால் தண்ணீரை வடித்துவிட்டு உட்கார்ந்திருப்பான்.
தண்ணீர் என்றதும் நினைவு வந்தது. 'வெப்பத்தால் உறுதி இழப்பு ஏற்படும்' என்று ஒரு வரி பார்த்தேன். அது யார் பேசும் தமிழ்? 'பதம் போய்விடும்' என்று எழுதுங்கள். மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். கார்பன் எஃகில் வைக்கோல் மஞ்சள் தெரிந்தாலே உஷாராக வேண்டும். நீலம் பூத்துவிட்டால் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் தொட்டாயிற்று. அந்த இடத்தில் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பட்டதை முழுக்கத் தேய்த்தெடுக்க வேண்டும்.
கத்தியைச் சார்த்திப் பிடிக்கும் தாங்கிக்கும் சாணைக் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வரைவில் இல்லவே இல்லை. கையுறை போடக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். சக்கரம் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

தமிழாசிரியர்:
'பதம்' ஏற்கிறேன். உலோகத்துக்குப் பதம் ஏற்றுவதற்குத் 'தோய்ச்சல்' என்றும் ஒரு சொல் உண்டு என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன்: பிசிறுக்கு ஐந்து பேர், சுணைக்கு இரண்டு, 'பர்' என்றே விடலாம் என்று தனிமடலில் ஒருவர். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது படிப்பவர் அகராதி தேடப்போவதில்லை. பிசிறு என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'மடங்கி நிற்கும் மெல்லிய இழை' என்று விளக்கம்.

தமிழாசிரியர்:
என் மறுப்பு பதிவாகட்டும். சுணை என்று போட்டிருந்தால் இரண்டு ஆண்டில் பழகியிருக்கும். போகட்டும், பிசிறு என்றால் எந்த எழுத்து? பிசிராந்தையாரின் பிசிர் ரகரம், ஆனால் அது ஊர்ப்பெயர். நீர்த்திவலையைக் குறிக்கும் பிசிரும் ரகரம். இதை முடிவு செய்யாமல்...

மொழிபெயர்ப்பாளர்:
அனுப்பிவிட்டேன் ஐயா. றகரம்.