ஏர்வே ஹைப்பர்ரெஸ்பான்சிவ்னஸ்: 'குழற்கூச்சம்' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆஸ்துமா நோயாளிகளுக்கான கையேட்டுத் தமிழாக்கம் ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏர்வே ஹைப்பர்ரெஸ்பான்சிவ்னஸ் என்பதற்கு வரைவில் 'மூச்சுக்குழாய் மிகையுணர்திறன்' என்று இருக்கிறது. நாலு பக்கம் தள்ளி, ஹைப்பர்சென்சிட்டிவிட்டிக்கும் அதே 'மிகையுணர்திறன்'. இரண்டும் ஒன்றுதானா? இல்லையென்றால் எதை மாற்றலாம்? அலர்ஜிக்கு ஒவ்வாமை, இன்ஃபிளமேஷனுக்கு அழற்சி, ட்ரிக்கருக்குத் தூண்டி என்று வைத்திருக்கிறோம். அவற்றோடு ஒத்துப்போகிற சொல்லாக இருந்தால் நல்லது.

— — —

ஐயா, இரண்டும் ஒன்றில்லை. ஒன்றென்று எழுதினால் கையேட்டின் பாதி பிழையாகிவிடும்.

ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நோயெதிர்ப்பு மண்டலத்தின் சங்கதி. 1963-இல் கெல்லும் கூம்ப்ஸும் நான்கு வகையாகப் பிரித்தார்களே, அது. ஆஸ்துமாவில் பெரும்பாலும் பேசப்படுவது முதல் வகை. உடம்பு ஏதோ ஒரு பொருளை, சொல்லப்போனால் தூசிப்பூச்சியின் எச்சத்தை, பகையென்று பழகிக்கொள்கிறது. அதற்கென்றே ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருளைச் செய்து, மாஸ்ட் செல்கள் எனும் நோயெதிர்ப்பு செல்களின் மேல் ஒட்டிவைத்துக் காத்திருக்கிறது. பூட்டுக்கு ஒரு சாவி என்கிற மாதிரி, பொருளுக்குப் பொருள் தனி எதிர்ப்பொருள்.

நீங்கள் கேட்கும் சொல் குழலின் குணத்தைப் பற்றியது. குளிர்காற்று, ஊதுபத்திப் புகை, தாளிக்கும்போது எழும் மிளகாய் நெடி, வாய்விட்டுச் சிரிப்பது, ஓட்டம், சளிக்காய்ச்சல். இவற்றுக்குள் எந்த உறவும் கிடையாது. ஆனால் ஆஸ்துமாக்காரரின் கிளைக்குழல் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறது: சுருங்குகிறது. இதற்கு ஐ.ஜி.ஈ. இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஒவ்வாமையே இல்லாத ஆஸ்துமாவிலும் இந்தக் குணம் உண்டு. ஒவ்வாமை மூக்கொழுக்கு மட்டும் உள்ள சிலருக்கும் உண்டு.

நலமான குழலும் சுருங்கத்தான் செய்யும். எவ்வளவு சீண்டினால் சுருங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. குழலைச் சுருங்கவைக்கும் மெத்தகோலின் என்ற மருந்தைக் கொண்டு செய்யும் சோதனை அளப்பது இதைத்தான். மில்லிலிட்டருக்கு 0.0625 மில்லிகிராம் போன்ற மிக நீர்த்த கரைசலை ஆவியாக உள்ளிழுக்கச் சொல்லித் தொடங்கி, படிக்குப் படி இரட்டித்து 16 வரை போவார்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும், மூச்சை முழுக்க இழுத்து வேகமாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்றை அளப்பார்கள். அது தொடக்க அளவிலிருந்து 20 விழுக்காடு விழுகிற செறிவுதான் விடை. 16 வரை போயும் விழவில்லையென்றால் இயல்பு. 4-க்கும் 16-க்கும் நடுவில் எல்லைக்கோடு. 1-க்குக் கீழேயே விழுந்துவிட்டால் குழல் படுமோசமாகச் சீண்டப்பட்டுக் கிடக்கிறது என்று பொருள். ஆவியாக்கும் கருவிக்குக் கருவி உள்ளே போகிற மருந்து மாறுவதால், 2017-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல் செறிவுக்குப் பதிலாக மருந்தளவைக் கணக்கிடச் சொல்கிறது. 400 மைக்ரோகிராமுக்கு மேல் தாங்கினால் இயல்பு.

ஏன் இப்படிச் சுருங்குகிறது? அழற்சியால் ஈசினோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் குழலின் சுவரில் குவிகின்றன, உட்படலம் அங்கங்கே உரிகிறது, சுவர் வீங்குகிறது. நாள்பட்ட நோயில் மென்தசையே தடித்துவிடுகிறது. தடித்த சுவருள்ள குழலில், தசை அதே அளவு இழுத்தாலும் உள்வழி அதிகமாக அடைபடும். ஆரம் பாதியானால், காற்று சீராக ஓடும் குழலில் தடை 16 மடங்கு. 'உணர்திறன்' என்ற சொல்லில் இந்தத் தசையும் இல்லை, சுவரும் இல்லை.

— — —

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. எனக்குத் தோன்றிய சொற்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கிறேன்.

'மிகை எதிர்வினை': வேண்டாம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வந்தாலும் எதிர்வினை என்றுதான் எழுதுகிறோம். படிப்பவர் மறுபடியும் ஒவ்வாமைக்கே போய்விடுவார்.

'மிகைத்துலங்கல்': இலக்கணமாகப் பார்த்தால் இதுதான் நேர்ச்சொல். தூண்டல், துலங்கல் என்ற இணை பாடநூல்களில் நிலைத்துவிட்டது; தூண்டி என்ற உங்கள் சொல்லோடும் சேரும். ஆய்வுக் கட்டுரைக்கு இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவருக்குத் துலங்கல் என்றால் பாத்திரம் துலக்குவதுதான் நினைவுக்கு வரும்.

'தொட்டாற்சுருங்கித்தன்மை': படம் அருமை, நீளம் கொடுமை.

என் பரிந்துரை 'குழற்கூச்சம்'. ஐஸ் தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது, வெயிலைப் பார்த்தால் கண் கூசுகிறது. மற்றவர் பொருட்படுத்தாத ஒன்றை ஓர் உறுப்பு தாங்காமல் போவதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. பல் கூச்சம் உள்ளவருக்கு ஐஸும் கூசும், புளிப்பும் கூசும், இனிப்பும் கூசும். கோளாறு பல்லில், பண்டத்தில் இல்லை. மருத்துவர் சொன்னதும் இதுதானே? கூசு என்ற வினைக்கு உணர்வது மட்டும் பொருளில்லை, ஒடுங்குவதும் பொருள். கூசிய கண் இடுங்குகிறது. கூசிய குழலும் அப்படித்தான்.

— — —

யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு ஆட்சேபம்.

முதலாவது, கூச்சம் என்றவுடன் ஆட்கள் வெட்கத்தைத்தான் நினைப்பினம். தலைப்பில் தனியாக வந்தால் சிரிப்பாகிவிடும். இரண்டாவதுதான் பெரிது. பல் கூசினால் பல்லுக்குரியவருக்கு அது உடனே தெரியும். குழல் கூசுவது அப்படித் தெரியாது. குழல் கணிசமாகச் சுருங்கின பிறகும் 'எனக்கு ஒன்றுமில்லை' என்கிற நோயாளர் இருக்கினம். கடும் முட்டில் காற்றே ஓடாமல் இரைச்சல்கூடக் கேட்காத நிலையும் உண்டு. உணராத ஒன்றுக்கு உணர்வுச் சொல் வைப்பது ஆபத்தில்லையா? கூச்சம் தெரியேல்லை, ஆகவே நோய் இல்லை என்று இன்ஹேலரை நிறுத்திவிடுவினம்.

இன்னொன்று: எங்கட பாடநூல்களில் 'தூண்டற்பேறு' என்றும் இருக்கு, துலங்கல் இரு கரைக்கும் பொதுவில்லை. நோயின் பெயரையும் ஒருக்கால் கவனியுங்கோ. இங்கே தொய்வு, முட்டு என்பினம். தமிழ்நாட்டில் இழுப்பு என்றால் சில ஊர்களில் வலிப்பு நோயையும் குறிக்குமாம். கையேட்டில் ஆஸ்துமா என்றே விடுவதுதான் பாதுகாப்பு.

— — —

இரண்டாவது ஆட்சேபம் சரியான இடத்தில் கை வைக்கிறது. ஆனாலும் அதற்காகவே இந்தச் சொல் வேண்டும் என்பேன்.

கையேட்டில் இந்தக் கருத்து எதற்கு வருகிறது? ஸ்டீராய்டு இன்ஹேலரை ஏன் தொடர வேண்டும் என்று விளக்க. தொடங்கிய சில நாள்களிலோ வாரங்களிலோ இரைப்பு அடங்கிவிடும். குழலின் இந்தக் குணம் அவ்வளவு சீக்கிரம் போகாது, மாதக்கணக்கில் மெல்ல வடியும். நடுவில் நிறுத்தினால் அடுத்த சளிக்காய்ச்சலுக்கே பழையபடி இரைக்கும். நோயாளி குழம்புவது இங்கேதான்: 'வீசிங் போயிடுச்சே, இன்னும் எதுக்கு?' என்பார். 'வீசிங் போய்விட்டது, குழலின் கூச்சம் போகவில்லை' என்று ஒரே வரியில் பதில் சொல்லலாம். பல்லிலும் ஐஸ் படாதவரை கூச்சம் தெரியாதே. இருந்தும் அது இருக்கிறது. இந்த ஒப்புமையை அருகிலேயே எழுதிவிட்டால் யாழ்ப்பாணத்து அம்மா சொல்லும் ஆபத்து குறையும்.

சோதனைச் சொற்களும் இதிலிருந்தே கிளைக்கும். மெத்தகோலின் நேராகத் தசையின் ஏற்பியைத் தூண்டுகிறது; அது காட்டுவது நேர்க்கூச்சம். உடற்பயிற்சி, மானிட்டால் பொடி, உப்புச்செறிவான ஆவி ஆகியவை மாஸ்ட் செல்லிலிருந்து வேதிப்பொருள்களை வெளியேற்றி, அவை வழியாகத் தசையைச் சுருக்குகின்றன. அது மறைமுகக் கூச்சம். மானிட்டாலில் 15 விழுக்காடு வீழ்ச்சியே போதும், மொத்தம் 635 மில்லிகிராமுக்குள் விழ வேண்டும். 20 விழுக்காடு விழும் செறிவுக்கு 'வீழ்செறிவு 20' என்று வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் சேருங்கள். குழற்கூச்சம் இருந்தாலே ஆஸ்துமா என்று ஆகாது. சளிக்காய்ச்சலுக்குப் பின் சில வாரம் நலமானவர்களுக்கும் இருக்கும். புகைபிடித்துப் பழுதான நுரையீரலிலும் இருக்கும். அதனால் மெத்தகோலின் சோதனை ஆஸ்துமா 'இல்லை' என்று சொல்லத்தான் அதிகம் உதவும். அதுவும் சோதனைக்கு முன், குழலை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமாலை 6 மணி நேரமாவது நிறுத்தியிருந்தால். நிறுத்தாமல் வந்தால் குழல் விரிந்தே இருக்கும், முடிவு பொய்யாக நன்றாக வரும்.

— — —

தூண்டி பற்றி ஒரு சொட்டு. தூண்டியைக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். இப்போதைய வரைவில் ஐந்தாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. குளிர்காற்று தூண்டி மட்டுமே, அது யாருக்கும் ஆஸ்துமாவை உண்டாக்குவதில்லை. பெயின்ட் அடிக்கும் பட்டறையில் ஐசோசயனேட் என்ற பெயின்ட் வேதிப்பொருளின் ஆவியைச் சுவாசிப்பவருக்கு அது நோயையே உண்டாக்கலாம். பிறகு அதுவே தூண்டியும் ஆகும். பார்சிலோனாத் துறைமுகத்தில் 1981 முதல் 1987 வரை 26 முறை, சோயா அவரை இறக்கிய நாள்களில் ஆஸ்துமா நோயாளிகள் அவசரப் பிரிவில் வந்து குவிந்தார்கள். தூசி ஊர் முழுக்கத்தான் பரவியது. மூச்சு முட்டியவர்களின் இரத்தத்தில் சோயாவுக்கான ஐ.ஜி.ஈ. இருந்தது. தானியக் கிடங்கில் வடிகட்டி பொருத்தியதும் அது நின்றது. ஒவ்வாமை, குழற்கூச்சம், தூண்டி மூன்றையும் ஒரே இடத்தில் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பெட்டிச் செய்தியாகப் போடலாம்.

— — —

எல்லோருக்கும் நன்றி. ஹைப்பர்சென்சிட்டிவிட்டிக்கு 'மிகையுணர்திறன்' அப்படியே இருக்கட்டும். சொல்லடைவில் குழற்கூச்சம், பக்கத்தில் மிகைத்துலங்கல், தூண்டற்பேற்று மிகை இரண்டையும் இணைச்சொல்லாகத் தருகிறேன். நோயாளிக்கான பக்கங்களில் மட்டும் பிரித்து, 'மூச்சுக்குழல் கூச்சம்' என்றே வரும். வெட்கம் என்று தவறாகப் படிக்க இடமிருக்காது. ஐந்தாம் பக்கம் திருத்தியாயிற்று.

ஒரே ஐயம் மிச்சம். பள்ளிப் பாடநூலில் மூச்சுக்குழல் என்றால் தொண்டைக்குக் கீழே உள்ள பெருங்குழல் மட்டும். இந்தச் சுருக்கம் நடப்பதோ கிளைக்குழல்களிலும் அதற்கும் கீழான நுண்குழல்களிலும். 'கிளைக்குழல் கூச்சம்' என்று மாற்றவா, படம் போட்டுச் சமாளிக்கவா?