ஸ்மைலி: பின்னால் நிற்பது ஆர்?

ஒழுங்கைவாசி எழுதியது:

சனிக்கிழமை இரவு மருமகனும் அவனுடைய கூட்டாளிகளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஹோலுக்குள் பாயைப் போட்டு, 2012இல் வந்த 'ஸ்மைலி' படத்தைப் பார்த்தோம். முடிந்ததும் பெடியள் ஒரே வாயாகக் "குப்பை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள். நெற்றில் தேடினால் அங்கும் அதே பேச்சுத்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். முடிவும் இந்தப் பேச்சில் வரும், பார்க்க இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திவிடுங்கள்.

கதை இதுதான். முன்பின் தெரியாதவர்கள் வீடியோவில் கதைக்கும் தளம் ஒன்று. 'சிரிப்புக்காகத்தான் செய்தேன்' என்று பொருள்படும் ஒரு வாசகத்தை அங்கே மூன்று தரம் தட்டினால், கண்களைத் தைத்து மூடி, வாயைச் சிரிப்புப் போலக் கீறிய ஓர் உருவம் எதிரில் இருப்பவரின் பின்னால் வந்து அவரைக் கொன்றுவிடும் என்று கதை உலவுகிறது. புதிதாகப் பல்கலைக்கழகம் வந்த ஆஷ்லி என்ற பிள்ளை அதைச் சோதித்துப் பார்க்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கவே ஒருவன் குத்துப்படுகிறான். பொலிஸிடம் போகிறாள். கீத் டேவிட் நடித்த அதிகாரி நம்பவில்லை. இயக்கியவர் மைக்கேல் கலகர், யூடியூப்பில் நகைச்சுவைத் துணுக்குகள் செய்து பெயரெடுத்தவர். நடித்தவர்களிலும் யூடியூப்காரர் இருக்கிறார்கள். சின்னக் காசுக்குள் எடுத்த படம்.

பேய்ப்படம் என்றால் கொலைகாரன் எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பான் என்றுதான் பயப்படுவோம். இதில் நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். அவர் எங்கேயோ ஒரு ஊரில். நாங்கள் கத்தலாம், அவ்வளவுதான்.

யுத்தத்தால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு, இங்கே டவுனில் நெற் கபேக்கள் வந்தன. ஒட்டுப்பலகையால் தடுத்த ஒடுங்கல் அறை, இரண்டு கதிரை, காதுக்கு ஒரு ஹெட்போன். அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். 95இல் போன அண்ணை கனடாவில். ஏழு வருடம் காணாத முகம் கட்டம் கட்டமாக வந்து நின்றது. அண்ணை "அம்மா" என்று சொல்ல முதலே அம்மா கேட்டது: "பின்னால ஆர் நிக்கிறது?" தேத்தண்ணி போட வந்த அறைத்தோழர். அவர் தள்ளிப் போகும் வரைக்கும் அம்மா அண்ணையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்மைலி வந்து நின்றபோது எனக்கு அந்த ஒட்டுப்பலகை மணம் வந்தது.

வடமராட்சியான் எழுதியது:

அண்ணை, அம்மாவைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் நீங்கள் பார்த்தது அம்மாவின் படம். கலகரின் படத்தில் அது இல்லை.

அந்த வீடியோச் சட்டத்துக்குள் (ஃபிரேம்) ஆளின் பின்னால் உருவம் வருகிற காட்சி நல்லதுதான். மறுக்கவில்லை. அதைக் கண்டுபிடித்த இயக்குநர் அதில் நிற்க வேண்டாமா? விருந்து, விரிவுரை மண்டபம், கனவு, திரும்பக் கனவு என்று படம் அலைகிறது. ஆஷ்லி அலறி விழிப்பாள், ஒன்றுமில்லை. திரும்ப அலறுவாள், திரும்பவும் ஒன்றுமில்லை. ஒரு பொய் அதிர்ச்சிக்கு நான் தோள் குலுங்குவேன். அதற்கு மேல் ஏமாற்று.

காசில்லை என்ற சாட்டையும் ஏற்க முடியாது. 'அன்பிரண்டட்' என்று 2014இல் ஒரு படம், முழுக்க ஒரு மடிக்கணினித் திரைக்குள்ளேயே நடக்கிறது. ஏறத்தாழ 10 இலட்சம் டொலரில் எடுத்தது, உலகம் முழுக்க 6 கோடிக்கு மேல் வசூலித்தது. 2020இல் ஊரடங்குக்குள் எடுத்த 'ஹோஸ்ட்' ஒரு மணித்தியாலம்கூட ஓடாது. நடிகர்கள் அவரவர் வீட்டில் தாங்களே கமராவையும் லைற்றையும் வைத்தார்கள், இயக்குநர் ரொப் சாவேஜ் தூரத்தில் இருந்தே இயக்கினார். அதைப் பார்த்த இரவு நான் கிணற்றடிக்குப் போகவில்லை.

ஒழுங்கைவாசி எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டும் பிறகு வந்தவை. முதலில் நடந்தவன் காலில்தான் முள் குத்தும். 2012இல் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்ததற்கே மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாம்கமரா எழுதியது:

நான் குறும்படம் எடுக்கிறவன், அதனால் காசுக்கதைக்குள் வருகிறேன். காசில்லாத படத்தில் எது போனாலும் பரவாயில்லை, ஒலி போகக்கூடாது. இந்தப் படத்தின் பிழை அங்கேதான் இருக்கிறது.

1978இல் ஜோன் காப்பென்ரர் 'ஹலோவீன்' எடுத்தது மூன்று இலட்சத்துச் சொச்ச டொலரில். கொலைகாரனுக்கு முகமூடி செய்யக் காசில்லை. கடையில் விற்ற, 'ஸ்டார் ட்ரெக்' கப்டன் கேர்க்கின் ரப்பர் முகத்தை வாங்கி வெள்ளை அடித்தார்கள், கண் ஓட்டையைப் பெருப்பித்தார்கள். அந்த முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை என்பதுதான் பயம். இசையையும் காப்பென்ரரே போட்டார். ஐந்து தட்டில் ஓடுகிற பியானோ, உங்கள் மூச்சு அதோடு ஒத்துப்போகாது. ஸ்மைலியின் முகம் அதற்குக் குறைந்ததில்லை, நல்ல முகம். ஆனால் அது வரும்போதெல்லாம் 'டமார்' என்று ஒரு சத்தத்தைப் போட்டுவிடுகிறார்கள். பயந்தது முகத்துக்கா சத்தத்துக்கா என்று எனக்கே தெரியாமல் போய்விடுகிறது.

போன வருடம் கொக்குவிலில் ஒரு குசினிக்குள் குத்துப்படுகிற காட்சி ஒன்று எடுத்தோம். குத்துகிற சத்தத்துக்கு வாழைத்தண்டு, வத்தகப்பழம், பூசணி எல்லாம் வெட்டிப் பார்த்தோம். ('சைக்கோ'வில் ஹிட்ச்கொக் முலாம்பழ வகை ஒன்றைத்தான் குத்த வைத்தார்.) ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் அரைப்பழமான பப்பாளிக்குள் கத்தியை மெதுவாக இறக்கி, இழுக்கும்போது மைக்கைக் கிட்டக் கொண்டுபோனோம். உள்ளே போகிற சத்தத்தை விட வெளியே வருகிற சத்தம்தான் வயிற்றைப் பிரட்டியது. கமராப் பிடித்த பெடியன் அன்று பின்னேரம் பப்பாளி சாப்பிடவில்லை. செலவு முந்நூறு ரூபாய். அதனால்தான் சொல்கிறேன், காசைக் காரணம் காட்டவேண்டாம். ஒழுங்கைவாசி அண்ணை, ஹெட்போனைப் போட்டு இன்னொரு தரம் பாருங்கள்.

நிலா_கோண்டாவில் எழுதியது:

எல்லோரும் முகமூடியையும் சத்தத்தையும் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு இந்தப் படம் வதந்தியைப் பற்றியது.

2011 ஆகஸ்ட் மாதத்தை மறந்துவிட்டோமா? கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஒருவன் பெண்களைக் கீறுகிறான் என்று நாடு முழுக்கக் கதை. நான் அப்போது ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா மீன் வெட்டுகிற கத்தியைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தார். வேலிக் கதியாலில் பூனை பாய்ந்தாலும் நாலு வீட்டு லைற் எரியும். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஆளைத் துரத்திப்போன சனத்துக்கும் படையினருக்கும் முறுகலாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஒரு பக்கம் நிசமாகவே கீறுப்பட்ட பெண்கள் இருந்தார்கள். இன்னொரு பக்கம் பயத்தை ஊதிப் பெருப்பித்தவர்கள் இருந்தார்கள். எது எது என்று பிரிக்க முடியாததுதான் அந்த மாதத்தின் பயங்கரம். "நான் கண்டனான்" என்று சொன்ன பெட்டையைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள்.

ஆஷ்லி "நான் கண்டேன்" என்று சொல்லிக்கொண்டே திரிகிறாள். ஒருவரும் நம்பவில்லை. ஆஷ்லியாக வரும் கெய்ட்லின் ஜெரார்டின் நடிப்பைக் குறை சொல்கிறவர்கள், அவள் பொலிஸ் நிலையத்தில் கதைக்கிற காட்சியைத் திரும்பப் பாருங்கள். தான் சொல்வது எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொண்டே சொல்கிற முகம் அது. எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் படத்தை எடுத்து யாரோ பொய்யான பேஸ்புக் கணக்குத் திறந்து, அசிங்கமாக வெட்டி ஒட்டிப் போட்டிருந்தார்கள். முறைப்பாடு சொல்லப் போன இடத்தில் "நீர் ஏன் படம் போட்டனீர்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அவளுக்கும் அதே முகம். செய்தவனைப் பிடித்தபோது அவன் சொன்ன காரணம் "சும்மா பகிடிக்கு." படத்தில் மூன்று தரம் தட்டுகிற வாசகமும் அதுதானே.

வடமராட்சியான் எழுதியது:

தங்கச்சி, அப்படியென்றால் முடிவைப் பார்த்து உங்களுக்கு ஆத்திரம் வரவில்லையா? ஆஷ்லி பயத்தில் ஜன்னலால் விழுகிறாள். பிறகு கூட்டாளிகள் முகமூடியைக் கழற்றி, ஸ்மைலியை நெற்றில் பரப்பத் தாங்கள் ஆடிய நாடகம் என்று சொல்கிறார்கள். கடைசியில் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒருவர் பகிடிக்கு அந்த வாசகத்தைத் தட்ட, நிசமான ஸ்மைலி வந்து நிற்கிறது. நாடகம் என்றால் நாடகமாகவே விட்டிருக்க வேண்டும், பேய் என்றால் பேயாகவே. இரண்டு தோணியில் கால் வைத்திருக்கிறார்கள்.

நிலா_கோண்டாவில் எழுதியது:

ஆத்திரம் வந்தது அண்ணை, ஆனால் நீங்கள் சொல்கிற இடத்தில் இல்லை. நாடகம் என்று தெரியவருகிற இடம்தான் படத்திலேயே கொடுமையான இடம். ஒரு பிள்ளையைப் பைத்தியமாக்கி ஜன்னலால் விழவைத்துவிட்டு நின்று கதைக்கிறார்கள். அங்கே பேய் தேவையில்லை. அந்த இடத்தில் முடித்திருந்தால் இந்தப் படத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லியிருப்பேன். நிசமான ஸ்மைலியைக் கொண்டுவந்ததால் குற்றம் மனிதரிடமிருந்து பேயின் தலைக்குப் போய்விடுகிறது. அதை மன்னிக்க முடியவில்லை.

சங்கானைத்தம்பி எழுதியது:

எனக்கு அந்தக் கடைசிக் காட்சி பிடித்தது அக்கா. செய்தவர்களுக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது. பொலிஸ் செய்யவில்லை, பேயாவது செய்யட்டும். எங்கள் ஊரில் முனியிடம் முறையிடுவதும் அதற்குத்தானே.

வடமராட்சியான் எழுதியது:

முனியிடம் முறையிட்டுக் கேட்பதை நானும் நம்புகிறேன் தம்பி. ஆனால் முனி முதல் காட்சியிலேயே ஊருக்குள் இருக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் பஸ்ஸில் வந்து இறங்கக்கூடாது.

நிலா தங்கச்சி சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஆஷ்லியின் நடிப்பைப் பற்றி நானும் மனதுக்குள் அவசரப்பட்டுவிட்டேன். நேற்றிரவு அந்தப் பொலிஸ் நிலையக் காட்சியை மட்டும் திரும்பப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறார். படம் இன்னமும் மோசம்தான்.

ஒழுங்கைவாசி எழுதியது:

மூன்றாம்கமராத் தம்பி சொன்னபடி ஹெட்போனோடு பார்த்தேன். ஒலியில் நீங்கள் சொன்னது சரி. சத்தத்தை நிறுத்திவிட்டு அந்த முதற்கொலையைத் திரும்ப ஓடவிட்டேன். சத்தமே இல்லாமல் அந்த உருவம் சட்டத்துக்குள் வரும்போதுதான் கூடுதலாகப் பயமாக இருந்தது. முடிவு பற்றி நிலாவோடு நிற்கிறேன். ஆனால் குப்பை என்ற சொல்லுக்கு இன்னமும் சம்மதமில்லை. இவ்வளவு நேரம் நாங்கள் இருந்து கதைக்கிற அளவுக்கு அதற்குள் ஏதோ இருந்திருக்கிறது.

நேற்று ஞாயிறு, அண்ணை வட்ஸ்அப்பில் எடுத்தார். இப்போது படம் கண்ணாடி மாதிரி வருகிறது. அம்மாவுக்குக் கண் மங்கல், போனை மூக்குக்குக் கிட்ட வைத்துத்தான் பார்ப்பா. அண்ணை பேரப்பிள்ளையின் சோதனை முடிவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இடையில் மறித்தா.

"பின்னால கதவு திறந்து கிடக்குது. பூட்டிப்போட்டு வந்து கதை."

அண்ணை எழும்பிப் போய்ப் பூட்டிவிட்டு வந்து இருந்தார்.