மியூனிக்கில் ஒரு சனி, ஞாயிறு: அரண்மனை, காபி அழைப்பு, பீர்கார்டன் (அப்பா, அம்மாவுடன்)

கேள்வி – புதுக்குடி

வணக்கம். வேலை காரணமாக மியூனிக்கில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை நாலு பேருமாக நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனைக்குப் போக எண்ணம். ஞாயிறு 3 மணிக்கு என்னோடு வேலை செய்யும் ஜெர்மன்காரர் வீட்டில் காபிக்கு அழைத்திருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டு குடும்பமும் ஹிர்ஷ்கார்டன் என்ற பீர்கார்டனுக்கு, அதாவது திறந்தவெளி பீர்க்கடைக்கு, போவதாகப் பேச்சு.

அப்பாவுக்கு முழங்கால் வலி. வீட்டில் எல்லோரும் சைவம், முட்டை மட்டும் பரவாயில்லை. எனக்கும் மனைவிக்கும் டாய்ச்லாண்ட்டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்துக்கான மாதச்சீட்டு) இருக்கிறது. ரயில், நுழைவுச்சீட்டு, வெறுங்கையோடு போகாமல் என்ன வாங்கிப் போவது, பீர்கார்டனில் என்ன சாப்பிடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – தடம்_27

உங்கள் இருவருக்கும் தனிச்சீட்டு வேண்டாம். அப்பா, அம்மாவுக்கு மட்டும் இரண்டு பேருக்கான பயர்ன்டிக்கெட் (பவேரியா முழுக்கச் செல்லும் ஒருநாள் சீட்டு) எடுங்கள். ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம், ஆள் கூடக்கூட விலை ஏறும். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறில் நள்ளிரவு 12 முதலே செல்லும், மறுநாள் விடிகாலை 3 வரை. பயணிப்பவர்களின் பெயரைச் சீட்டில் எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுப் பரிசோதகரிடம் மாட்டிக்கொள்கிறார்கள்.

டாய்ச்லாண்ட்டிக்கெட், பயர்ன்டிக்கெட் இரண்டுமே ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர விரைவு வண்டிகளில் செல்லாது. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலியில் உள்ளூர் வண்டிகள் மட்டும் என்று வடிகட்டித் தேடுங்கள். அரண்மனைக்குப் பக்கத்து ரயிலடியான ஃப்யுஸ்ஸன் வரை ஏறக்குறைய 2 மணி நேரம். சில வண்டிகள் நேரே போகும், சிலவற்றுக்கு பூக்லோவேயிலோ காவ்ஃப்பாய்ரனிலோ மாற வேண்டும். முழங்கால் வலியோடு வருபவருக்கு நேர் வண்டிதான் சரி. மியூனிக் ஹவுப்ட்பான்ஹோஃபில் (தலைமை ரயில் நிலையம்) ஃப்யுஸ்ஸன் வண்டி பெரும்பாலும் 27 முதல் 36 வரையிலான பக்கத் தடங்களில் நிற்கும். முன்வாசலிலிருந்து நல்ல நடை, பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள்.

வெள்ளி இரவு மறுபடி ஒருமுறை நேரத்தைப் பாருங்கள். தண்டவாள வேலைகளை வார இறுதியில்தான் வைப்பார்கள். வழியில் ஒரு பகுதிக்கு ரயிலுக்குப் பதில் பேருந்து விட்டால் பயண நேரம் நன்றாகவே கூடிவிடும்.

ஃப்யுஸ்ஸன் ரயிலடி வாசலிலேயே 73, 78 எண் பேருந்துகள். அதே சீட்டு செல்லும், அரண்மனை அடிவார ஊரான ஹோஹன்ஷ்வாங்காவ் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். ரயிலில் வந்த கூட்டம் முழுக்க ஒரே பேருந்தில் ஏறப் பார்க்கும். முன்பெட்டியில் இருந்தால் முதலில் இறங்கலாம். பேருந்து நிறைந்துவிட்டால் நாலு பேருக்கு டாக்ஸி கட்டுப்படியாகும்.

ஆஸ்திரிய எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. அப்பா, அம்மா அசல் பாஸ்போர்ட்டையும் நீங்கள் பாஸ்போர்ட்டோடு குடியிருப்பு அனுமதி அட்டையையும் வைத்திருங்கள். போலீஸ் கேட்டால் செல்போனில் எடுத்த படம் போதாது.

பதில் 2 – ஆல்ப்ஸ்அடிவாரம்

நுழைவுச்சீட்டை இன்றே இணையத்தில் எடுங்கள். கோடையில் சனிக்கிழமைச் சீட்டுகள் முன்னதாகவே தீர்ந்துவிடும். சீட்டில் குறித்த நிமிடத்தில் வாசலில் நிற்க வேண்டும், தவறினால் சீட்டு வீண். ரயில் புறப்படும் நேரத்திலிருந்து குறைந்தது மூன்றரை மணி நேரம், உங்களுக்கு நான்கு மணி நேரம் தள்ளி நேரம் எடுங்கள்.

அப்பா விஷயத்தை முன்பே யோசித்துவிடுங்கள். ஹோஹன்ஷ்வாங்காவில் இருக்கும் சீட்டு மையத்திலிருந்து அரண்மனை வரை நடந்தால் 30–40 நிமிடம், முழுக்க ஏற்றம். குதிரை வண்டியும் வாசல் வரை போகாது. வாசலுக்குச் சற்றுக் கீழேயே இறக்கிவிடும், மிச்சம் 10–15 நிமிடம் செங்குத்தாக ஏற வேண்டும். சிறுபேருந்து மேலே மரியன்ப்ரூக்கே பாலத்தருகே விடும், அங்கிருந்து இறக்கம். முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிடச் சரிவான இறக்கம்தான் கொடுமை, அதனால் குதிரை வண்டியே மேல். பனியும் உறைவும் இருந்தால் சிறுபேருந்து ஓடாது, பாலத்தையும் அடைத்துவிடுவார்கள்.

உள்ளே ஏறவும் இறங்கவும் சேர்த்து முந்நூறுக்கு மேற்பட்ட படிகள். வழிகாட்டியோடு சுமார் 35 நிமிடம் சுற்று, கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். உட்கார இடமில்லை, படம் எடுக்கவும் அனுமதியில்லை. பெரிய பைகளை விட மாட்டார்கள்.

என் அபிப்ராயம்: அப்பாவால் இரண்டு மாடி நிற்காமல் ஏற முடியாது என்றால் உள்ளே போக வேண்டாம். பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் 1869இல் கட்டத் தொடங்கி, 1886இல் அவர் இறக்கும்போது முடியாமல் நின்ற கட்டிடம் அது. உள்ளே பல அறைகள் வெறுமையாகவே கிடக்கின்றன. அதன் அழகு முழுவதும் வெளித்தோற்றத்தில்தான். நீங்களும் மனைவியும் அம்மாவும் உள்ளே போகும் நேரத்தில் அப்பா கீழே ஆல்ப்ஸே ஏரிக்கரையில் பெஞ்சில் இருக்கலாம். அங்கே தரை சமம், ஹோஹன்ஷ்வாங்காவ் கோட்டையும் தெரியும்.

பதில் 3 – ஞாயிறுகாபி

காபி அழைப்பு பற்றி. 3 மணி என்றால் 3 மணிதான், ஐந்து நிமிடம் தாமதம் பெரிதில்லை. பத்து நிமிடம் முன்னால் போய் மணி அடிப்பதும் நல்லதல்ல, அவர்கள் அப்போதுதான் மேசை போட்டுக்கொண்டிருப்பார்கள். நாலு பேர் வருவதை முன்பே சொல்லிவிடுங்கள், ஆள் கணக்குப் பார்த்துத்தான் கேக் வாங்குவார்கள். ஜெலட்டின் (விலங்கிலிருந்து எடுப்பது, சைவமல்ல) பற்றியும் அப்போதே சொல்லலாம். பழம் வைத்து க்ரீம் பூசும் டார்ட்களில் அது சாதாரணம். ஆப்பிள்குகன் (ஆப்பிள் கேக்), க்யேஸேகுகன் (சீஸ் கேக்) போன்ற அடுப்பில் சுட்டவற்றில் வழக்கமாக இருக்காது.

வாங்கிப்போகும் சாமானை வெள்ளிக்கிழமையே வாங்குங்கள். பவேரியாவில் கடைகள் இரவு 8 மணிக்கு மூடிவிடும், ஞாயிறு முழுநாள் விடுமுறை. சனிக்கிழமை ஃப்யுஸ்ஸனிலிருந்து திரும்பும்போது 8 தாண்டிவிடும். ஞாயிறு பால், காய்கறியும் இதே கணக்குத்தான். தவறவிட்டால் ஹவுப்ட்பான்ஹோஃப் கடைகள் கைகொடுக்கும், கூட்டமாக இருக்கும். பேக்கரிகள் சில மணி நேரம் திறந்திருக்கும்.

பூங்கொத்து நல்லது, சிவப்பு ரோஜா மட்டும் வேண்டாம், அது காதலுக்கு. கடைக்காகிதத்தைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். அம்மா கையால் செய்த முறுக்கோ மைசூர்பாகோ கொண்டுபோனால் மிக மகிழ்வார்கள். அதில் நட்ஸ், எள் உண்டா என்று சொல்லிவிடுங்கள், அலர்ஜி உள்ளவர்கள் அதிகம். வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று கேளுங்கள். யாருக்காவது அடுத்த வாரம் பிறந்தநாள் என்று தெரிந்தாலும் முன்கூட்டியே வாழ்த்தாதீர்கள், அபசகுனமாக நினைப்பார்கள்.

பதில் 4 – கஷ்கொட்டைநிழல்

ஹிர்ஷ்கார்டனுக்குச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்! புளியோதரை, சுண்டல், சப்பாத்தி எதுவானாலும் சரி. 1812இல் பவேரிய அரசர் பீர் தயாரிப்பாளர்களைத் தங்கள் நிலவறையிலேயே பீர் விற்க விட்டார், ரொட்டி தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்றார். வந்தவர்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த வழக்கம் இன்றும் உண்டு. இரண்டு நிபந்தனைகள்: மேசைவிரிப்பு போட்ட மேசை பரிமாறுபவர்களுக்குரியது, விரிப்பில்லாத மேசையில் உட்காருங்கள். குடிப்பதை அங்கேயே வாங்க வேண்டும், தண்ணீர் உட்பட. தட்டு, கரண்டி, ஒரு துணிவிரிப்பு எடுத்துப் போங்கள்.

அங்கே வாங்குவதானால் கவனம். பவேரிய உருளைக்கிழங்கு சாலட் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் ஊறியது, பார்க்க சைவம் போல இருக்கும். சிவப்பு முட்டைக்கோஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. சில ப்ரெட்சன் (முடிச்சு ரொட்டி) மாவிலும் அந்தக் கொழுப்பு இருக்கும். "மிட் ஷ்மால்ட்ஸ்?" (கொழுப்பு சேர்த்ததா?) என்று கேட்டுவிடுங்கள். ஒபாட்ஸ்டா என்னும் காரச் சீஸ் விழுதும் முள்ளங்கிச் சுருளும் நல்ல துணை. கேஸ்ஷ்பெட்ஸ்லே (சீஸ் சேர்த்த மாவுத்துண்டு உணவு) முட்டை சேர்ந்தது, உங்களுக்குச் சரி. பொரித்த வெங்காயம் மேலே வரும், பன்றித்துண்டு போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

மதுவல்லாதது என்றால் ஆப்பிள்சாறில் சோடா சேர்த்த அப்ஃபெல்ஷோர்லே, இல்லையேல் கோலாவும் ஆரஞ்சும் சேர்ந்த ஷ்பெட்ஸி. குவளையை நீங்களே எடுத்துக் கழுவி நிரப்பச் சொல்ல வேண்டும். குவளைக்கு முன்பணம் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும்போது கிடைக்கும். ரொக்கம் வைத்திருங்கள். குவளையை மோதும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பாருங்கள், பார்க்காமல் மோதினால் குறையாக எண்ணுவார்கள்.

புதுக்குடி

எல்லோருக்கும் நன்றி. அப்பாவை ஏரிக்கரையில் விடுவது என்று முடிவு. ஞாயிறு காலையில் சும்மா இருக்காமல் அருகில் எங்காவது போக முடியுமா?

கஷ்கொட்டைநிழல்

நிம்ஃபென்புர்க் அரண்மனைக்குப் போங்கள், ட்ராம் 17. பூங்கா இலவசம், பாதை சமதளம், அப்பா தாராளமாக நடப்பார். ஓவியம் பிடிக்கும் என்றால் ஆல்ட்டே பினாகோடெக் ஓவியக்கூடம், ஞாயிறு மட்டும் நுழைவு 1 யூரோ. இரண்டையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள், 3 மணி அழைப்புக்கு வீட்டுக்கு வந்து உடை மாற்றிக் கிளம்ப நேரம் வேண்டும்.